இன்சுலின் தொடங்கியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு 58 வயது, எடை 62 கிலோ, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரைகள் மட்டும் போதாமல் போனதால், ஆறு வாரத்துக்கு முன் இரவில் ஒரு வேளை நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கொடுத்தார்கள். 10 யூனிட்டில் ஆரம்பித்து, மருத்துவர் சொன்னபடி மூன்று நாளைக்கு ஒரு முறை 2 யூனிட் கூட்டி, இப்போது 34 யூனிட்டில் வந்து நிற்கிறது. காலையில் வெறும் வயிற்றில் 150, 160. இரவு படுக்கப் போகும்போது 270, 280. பார்வை மங்குகிறது, எடை கூடியிருக்கிறது. ஒரு நாள் மீட்டரில் 120 காட்டும்போதே படபடவென்று வந்து வியர்த்துவிட்டது. "இந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடலாம்" என்கிறார் அம்மா. டோஸை இன்னும் கூட்டுவதா, நிறுத்துவதா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். அதே இரவு ஊசியை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போவதும் சரியாகப் படவில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஊசி போடும் முறையையும் சர்க்கரையைக் கவனிக்கும் முறையையும் கற்றுக்கொடுப்பது என் வேலை. டோஸை மாற்றுவது உங்கள் மருத்துவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை விவரமாகச் சொல்ல முடியும்.

நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. படுக்கும்போது 275, எழும்போது 155 என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவில் 120 புள்ளி இறங்குகிறது. அப்படியானால் ஊசி வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அது செய்ய வேண்டிய வேலை வேறு. நாம் சாப்பிடாத நேரத்திலும், தூங்கும்போதும், கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுக்குள் வைப்பதற்குத்தான் நீண்ட நேர இன்சுலின். அந்த டோஸ் சரியாக இருந்தால், படுக்கும்போது இருந்த அளவுக்குப் பக்கத்திலேயே காலை அளவும் இருக்கும். இரவுச் சாப்பாட்டால் ஏறிய சர்க்கரையை இறக்கும் பொறுப்பையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டதால்தான் 34 யூனிட் வரை வந்திருக்கிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்றோ பசிக்கவில்லை என்றோ அம்மா ஒரு நாள் இரவு சாப்பிடாமல் 140-ல் படுத்தால், அதே ஊசி அதே வேகத்தில் இறக்கும். விடியற்காலையில் தாழ்சர்க்கரை, அதாவது 70-க்குக் கீழே போவது, வந்துவிடும். நீண்ட நேர இன்சுலின் ஒரு கிலோ எடைக்கு அரை யூனிட்டைத் தாண்டினாலோ, இரவுக்கும் காலைக்கும் நடுவே 50 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, அந்த ஊசியைக் கூட்டுவதை நிறுத்தி வேறு வழியை யோசிக்க வேண்டும் என்பது இன்று மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். 62 கிலோவுக்கு அரை யூனிட் வீதம் 31. அம்மா அதைத் தாண்டிவிட்டார். இந்தக் கணக்கை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன். மூன்றில் ஒரு நாள் மட்டும் அதிகாலை 3 மணிக்கு எழுப்பி ஒரு முறை. சிரமம்தான், ஆனால் அந்த 3 மணி எண் வேறு எதிலும் கிடைக்காது. 3 மணிக்கு 150 ஆக இருந்து காலை 7 மணிக்கு 190 ஆனால், விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்கள் ஏற்றுகின்றன என்று பொருள். 3 மணிக்கே 65 என்றால் டோஸ் அதிகம், உடனே குறைக்க வேண்டும். காலை அளவை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பக்கத்திலேயே என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு ஊசி, நடந்தாரா இல்லையா என்று ஒரு வரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் நறுக்கிய விரலில் குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சாறே அளவை ஏகத்துக்கும் ஏற்றிக் காட்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பின் 180-க்குள். வயதானவர்களுக்கும் வேறு நோய்கள் இருப்பவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்திச் சொல்வார். இப்போதே ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அது ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரி. ஊசி தொடங்கி ஆறே வாரம்தான் ஆகிறது, அதற்கு முந்தைய மோசமான வாரங்களும் அந்த எண்ணுக்குள் இருக்கும்.

டோஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்தே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்த 34 யூனிட் உண்மையிலேயே உடம்புக்குள் போகிறதா? சர்க்கரை இறங்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே போடுகிறீர்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுங்கள்" என்பதுதான். பலர் தொப்புளுக்குப் பக்கத்தில், கை வசதியாகப் போகிற ஒரே இடத்தில், தினமும் போடுவார்கள். அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு மெத்தென்று ஒரு கட்டி உருவாகியிருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாமல் போகலாம். விரல் நுனியில் கொஞ்சம் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டு வயிற்றின் மேல் மெதுவாக வழித்துப் பாருங்கள். நல்ல தோல் இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிசாகக் கிள்ள வரும், கட்டி இருக்கும் இடம் தடித்து, கிள்ள வராமல் நழுவும். அந்த இடத்தில் ஊசி வலிக்காது. அதனாலேயே மறுபடி மறுபடி அங்கேயே போடத் தோன்றும். ஆனால் அங்கே போட்ட மருந்து ஒரு நாள் பாதிதான் ரத்தத்தில் சேரும், இன்னொரு நாள் திடீரென்று மொத்தமாகச் சேரும். சர்க்கரை ஒரு நாள் 300, மறுநாள் 80 என்று காரணமே இல்லாமல் ஆடுகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கட்டி இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் தொடக்கூடாது. அதைவிட முக்கியம், நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸ் முழுவதுமாக ரத்தத்தில் சேர்ந்து தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடலாம். இடம் மாற்றுவதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டு டோஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு வயிறு, தொடை என்று இடம் மாற்றி, ஒவ்வொரு முறையும் முந்தைய குத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போட வேண்டும்.

இன்சுலின் பேனாவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து ஊசியை மேல்நோக்கிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். நுனியில் ஒரு துளி வந்தால்தான் அடுத்த வேலை. துளி வராத பேனாவில் 34 வைத்து அழுத்தினால் எத்தனை யூனிட் உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு ஊசியை உடனே உருவாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். உருவியதும் தோல் மேல் மருந்து வழிந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். 4 மில்லிமீட்டர் ஊசி பெரியவர்கள் எல்லோருக்கும் போதும். குண்டாக இருக்கிறோம், நீளமான ஊசி வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். அது தேவையில்லை, தசைக்குள் போனால் மருந்து வேகமாக இறங்கிவிடும்.

குப்பியும் சிரிஞ்சும் என்றால் ஒரு விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வலிமைகளில் வருகிறது. சிரிஞ்சும் அதேபோல் யு-40, யு-100 என்று இரண்டு வகை. யு-40 குப்பியிலிருந்து யு-100 சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உள்ளே இருப்பது 4 யூனிட்தான். டோஸைக் கூட்டிக்கொண்டே போயும் சர்க்கரை அசையாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மாற்றிச் செய்தால் 10-க்குப் பதில் 25 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

மருந்து கெட்டுப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. திறக்காததை 2 முதல் 8 டிகிரியில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைபனிப் பகுதியில் மட்டும் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்கச் சாதாரணமாகவே தெரியலாம், ஆனாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்ததை 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைத்து, பெரும்பாலான வகைகளில் நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டு வந்ததை நம்பாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்து, சாப்பாட்டுக்குப் பின்தான் எகிறுகிறது என்று தாளில் தெரிந்தால், மருத்துவர் முன் சில வழிகள் இருக்கின்றன. எந்தச் சாப்பாட்டுக்குப் பின் அதிகமாக ஏறுகிறதோ அந்த வேளைக்கு முன் வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சேர்ப்பது ஒன்று. பொதுவாக 4 யூனிட் போன்ற சின்ன அளவில்தான் ஆரம்பிப்பார்கள். அதனுடன் இரவு டோஸைக் குறைக்கவும் செய்யலாம். உடனடி வகை என்றால் சாப்பிடுவதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் முன். பழைய ரெகுலர் வகை என்றால் அரை மணி நேரம் முன். சாப்பிட்டு முடித்துவிட்டு ஞாபகம் வந்து போட்டால், சர்க்கரை ஏறும் நேரம் ஒன்று, மருந்து இறங்கும் நேரம் வேறொன்று என்று ஆகிவிடும். இன்னொரு வழி, வாரம் ஒரு முறை போடும் ஜிஎல்பி-1 வகை ஊசி. அது பசியைக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதையும் தணிக்கும், எடையும் இறங்கும். தனியாக அதனால் தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவு. எடை கூடுகிறதே என்று அம்மா வருந்துவதால் இதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். காலை, இரவு இரண்டு வேளை போடும் கலவை இன்சுலினும் உண்டு. ஊசி எண்ணிக்கை குறைவு, ஆனால் சாப்பாட்டு நேரம் தவறவே கூடாது. பால்போல் கலங்கிய வகை என்பதால் போடுவதற்கு முன் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் பெரும்பாலும் இன்சுலினோடு தொடரும், டோஸ் கூடாமல் இருக்கவும் உதவும். கிளிமிபிரைடு போன்ற கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளைச் சாப்பாட்டு இன்சுலின் சேர்க்கும்போது குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அம்மா மூட்டுவலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்று பாருங்கள். காலையில் போடும் ஸ்டீராய்டு மாத்திரை மாலைச் சர்க்கரையைத்தான் தூக்கிவிடும். சிறுநீர்த் தொற்று, பல் ஈறில் சீழ், காலில் ஆறாத புண் இவையும் இன்சுலினை வேலை செய்ய விடாது.

இப்போது அம்மாவின் உடம்பில் நடப்பவை. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ஊசியை நிறுத்திவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் நிறுத்துகிறார்கள். வருடக்கணக்கில் 300-லேயே இருந்த உடம்பு அதையே இயல்பு என்று எடுத்துக்கொண்டிருக்கும். 120-க்கு வந்தால், குறைந்துவிட்டது என்று நினைத்துப் படபடப்பையும் வியர்வையையும் கிளப்பும். அது உண்மையான தாழ்சர்க்கரை இல்லை. மீட்டரில் 70-க்கு மேல் இருந்தால் இனிப்பு வேண்டாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அடங்கும். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். பார்வை மங்குவதும் இப்படித்தான். ரத்தத்தில் சர்க்கரை மாறும்போது கண்ணின் லென்ஸில் நீரின் அளவும் மாறும், அதனால் கண்ணாடி பவர் மாறியதுபோல் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் நிலைப்படும், அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்து, சர்க்கரையை மளமளவென்று இறக்கினால், அது தற்காலிகமாக மோசமாகலாம். காலில் புதிதாக எரிச்சலும் வலியும் கிளம்பலாம். மூன்று நாளைக்கு 2 யூனிட் என்று மருத்துவர் நிதானமாக ஏற்றுவது நல்லதற்குத்தான்.

எடை கூடியதற்குக் காரணம், இதுவரை சிறுநீரில் வீணாகப் போய்க்கொண்டிருந்த குளுக்கோஸ் இப்போது உடம்பில் தங்குவது. சிலருக்குத் தொடக்கத்தில் பாதம் லேசாக வீங்கி வடியும். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

"ஊசி என்றால் கடைசிக் கட்டம், கிட்னி போய்விடும்" என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சிறுநீரகத்தைக் கெடுப்பது இன்சுலின் இல்லை, வருடக்கணக்கில் இறங்காமல் நின்ற சர்க்கரை. இன்சுலினைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கண்ணையும் காலையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். டைப் 2 கண்டுபிடிக்கப்படும்போதே கணையத்தின் சுரக்கும் திறன் பாதியளவு குறைந்திருக்கும் என்று 1998-ல் முடிவுகள் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு காட்டியது. அதன் பிறகும் வருடம்தோறும் குறைந்துகொண்டே போகும். பன்னிரண்டு வருடம் கழித்து ஊசி தேவைப்படுவது அம்மாவின் வாய்க்கட்டுப்பாட்டில் வந்த குறை இல்லை. அதை அவர் காதில் படும்படி நீங்கள் சொல்லியாக வேண்டும்.

34 யூனிட் நிரந்தரமும் இல்லை. சர்க்கரை நெடுநாள் அதிகமாக இருக்கும்போது அதுவே கணையத்தை மந்தமாக்கும், இன்சுலினை உடம்பு ஏற்காமலும் செய்யும். சில வாரங்கள் கட்டுக்குள் வந்ததும் இரண்டும் ஓரளவு மீளும், அப்போது அதே டோஸ் அதிகமாகிவிடும். அதனால் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும் வாரங்களில்தான் தாழ்சர்க்கரையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அம்மா அகார்போஸ், வோக்லிபோஸ் போன்ற, மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்துவிட்டால் இரண்டு மணி நேரத்தில் 300 வந்து நிற்கும், அதைப் பார்த்து மறுபடி டோஸைக் கூட்டத் தோன்றும். நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும்.

காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் நீண்ட நேர இன்சுலினை முழுவதுமாக விட்டுவிடக் கூடாது. நோய் வந்தாலே சர்க்கரை ஏறும். எவ்வளவு குறைப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 300-க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம், தாங்க முடியாத தாகம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெயர் கிளிஃப்ளோசின் என்று முடியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு 200 அளவிலேயே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) ஏறி ஆபத்து வரலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, எடை மட்டும் காரணமில்லாமல் குறைகிறது என்றால், சி-பெப்டைடு (கணையம் இன்னும் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டுவது), ஜிஏடி எதிர்ப்பொருள் (உடம்பே தன் கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டுவது) பரிசோதனைகள் தேவையா, கணையத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அம்மாவுக்கு எடை கூடியிருப்பதால் இப்போதைக்கு அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை.

இந்த வாரமே மூன்று நாள் தாளை முடித்து, மருத்துவரைப் பார்க்கும்போது பேனாவையோ குப்பி, சிரிஞ்சையோ கையோடு கொண்டு போங்கள். அம்மா வழக்கமாகப் போடுவதுபோலவே ஒரு முறை அங்கே போட்டுக் காட்டட்டும். கண், சிறுநீரகப் பரிசோதனைகள் கடைசியாக எப்போது எடுத்தது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், அதற்குத் தகுந்தாற்போல் டோஸைக் குறைத்துக் கணக்கிட வேண்டியிருக்கும்.